தோல் தைக்கும் வீட்டில் குறும்பு நாய்கள்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் தோல் பொருள்கள் செய்துவருகிறேன். பர்ஸ், பெல்ட், சாவி உறை என்று சின்னச் சின்ன வேலைகள்தாம். வீட்டில் இரண்டு நாய்கள்: நான்கு வயதுப் பெரியவன், பதினோரு மாதச் சின்னவள். கூடை நிறையப் பொம்மைகள் இருந்தும் சின்னவளுக்கு என் மேசைமேல் இருக்கும் தோல்தான் வேண்டும். சென்ற வாரம் பாதி தைத்த பர்ஸை ஊசி நூலோடு கவ்விக்கொண்டு ஓடினாள். நான் துரத்த, பெரியவன் மறுமுனையைப் பிடித்து இழுக்க, பர்ஸ் கிழிந்தது. அதில் கோத்திருந்த இரண்டு ஊசிகளில் ஒன்றுதான் கிடைத்தது. கசப்புத் திரவம் தெளித்துப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துவிட்டுத் தொடர்ந்து மெல்லுகிறாள். திட்டினால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுபோல் பார்க்கிறாள். மறுநாளும் அதையே செய்கிறாள். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாளா? வெட்டி மிஞ்சும் துண்டுகளை அவளுக்கே கொடுத்துவிட்டால் மேசையை விட்டுவிடுவாளா? கடையில் நாய்களுக்கென்று விற்கும் மெல்லும் எலும்பும் தோலால் செய்ததுதானே? இருவருக்கும் என் கையாலேயே கழுத்துப்பட்டை செய்து போட ஆசை, செய்யலாமா? வீட்டார் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்ற இடம், இரண்டு ஊசிகளில் ஒன்றுதான் கிடைத்தது என்ற வரி. அதனால்தான் இந்த விரிவான பதிலுக்குக் காத்திராமல், உடனே சின்னவளை அழைத்துச் சென்று கழுத்து முதல் வால் வரை எக்ஸ்ரே எடுக்கும்படி அன்றே தனியாகச் சொல்லியனுப்பினேன். பெரியவனும் இழுபறியில் பங்கெடுத்தவன் என்பதால் அவனுக்கும் எடுக்கச் சொன்னேன். இருவர் வயிற்றிலும் ஊசி இல்லை என்றும், இரண்டு நாள் கழித்து அது சோபாவின் மடிப்பில், நான்கு விரல்கடை நூலோடு கிடைத்தது என்றும் நீங்கள் தெரிவித்தது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலோடு விஷயத்தை முடித்துவிட வேண்டாம். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் பெரும்பாலும் தோலைப் பற்றியவை. என் கவலையோ தோலைவிட நூலைப் பற்றியது. எனவே அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கைவினைஞர் வீட்டு நாய் என் அறுவை மேசைக்கு வந்தது. இரண்டு நாளாக வாந்தி. தண்ணீர் குடித்தாலும் தங்கவில்லை. வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்துக்கொண்டது. வயிற்றைத் திறந்து குடலை வெளியே எடுத்தபோது, ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு அது சுருக்குப்பையின் வாயைப்போல மடிப்பு மடிப்பாகக் கூடிக் கிடந்தது. நீங்கள் சுருக்குப்பை தைத்திருப்பீர்கள். நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தோலை மட்டும் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடந்திருந்தது. விழுங்கிய மெழுகு நூலின் ஒரு முனை, இரைப்பை குடலோடு சேரும் குறுகிய வாயில் முடிச்சாகச் சிக்கி நின்றுவிட்டது. மறுமுனையைக் கீழே கொண்டுபோக குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. நூல் நகரவில்லை, குடல்தான் நூலின்மேல் ஏறிக் கூடியது. பாலியெஸ்டர் நூல் வயிற்றில் கரைவதில்லை, அறுவதுமில்லை. இறுகிய மடிப்புகளின் உள்பக்கத்தில் அது இரண்டு இடங்களில் குடல் சுவரை அறுக்கத் தொடங்கியிருந்தது. குடலில் பல இடங்களில் சிறு திறப்புகள் செய்து, நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். நாய் பிழைத்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வீட்டாரிடம் நான் சொல்லவில்லை.

ஆகவே ஊசியைக் காட்டிலும் ஊசியில் கோத்த நூலுக்கு அஞ்சுங்கள். நாயின் வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்குவதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுப்பது குடலை நாமே அறுப்பதாகும். வாந்தி எடுக்கவைக்கவும் முயலக் கூடாது. கூர்முனைகள் போன வழியைவிடத் திரும்பும் வழியில் அதிகம் கிழிக்கும். உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது; விழுங்கிய பொருளை விட அந்த உப்பே நாயைக் கொன்றுவிடக்கூடும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: மீதமுள்ள நூலிலும் தோலிலும் ஒரு மாதிரித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது. ஊசி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், நூலும் தோலும் தெரியாது; என்ன போயிருக்கக்கூடும் என்பதை நீங்கள் சொன்னால்தான் ஸ்கேன் வேண்டுமா, எண்டோஸ்கோப்பால் எடுக்க முடியுமா, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அவரால் முடிவெடுக்க முடியும். இரைப்பையில் இருக்கும்வரை எண்டோஸ்கோப்பாலேயே எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. குடலுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் கத்திதான்.

இதில் உங்கள் தொழில் முறையே உங்களுக்கு ஓர் உதவி செய்கிறது. கையால் தோல் தைப்பவர்கள் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்கிறீர்கள். ஆதலால் மேசையில் ஊசிகள் எப்போதும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். வேலைக்கு உட்காரும்போதும் எழும்போதும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று தொலைந்திருக்கிறது என்று பொருள். தைத்து முடித்து நறுக்கிய நூல் முனைகளுக்கென்று இறுக்கமான மூடியுள்ள ஒரு புட்டியை வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் பதித்த ஒரு சிறு கிண்ணம் ஊசிகளுக்கு நல்ல இருப்பிடம். நூல் கோத்த ஊசியைத் தோலிலேயே குத்தி வைத்துவிட்டு வாசலில் யாரோ அழைத்தார்கள் என்று எழுந்து போவதுதான் நான் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் தொடங்கும் இடம்.

இனி, தோல்தான் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். கூடை நிறையப் பொம்மை வாங்கிப் போட்டும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மனத்தாங்கலோடு எழுதியிருக்கிறீர்கள். சின்னவளின் பக்கம் நின்று சற்றே யோசித்துப் பாருங்கள். அந்தக் கூடையில் இருப்பவை ரப்பரும் பஞ்சும். மேசைமேல் இருப்பதோ ஒரு விலங்கின் தோல். அதை மிருதுவாக்க ஊட்டப்பட்டது பல வேளைகளில் விலங்குக் கொழுப்போ மீன் எண்ணெயோ. அதன் மேல் நீங்கள் பூசும் எண்ணெய்களில் ஒன்று, மாட்டின் கால் எலும்பிலிருந்தும் பாதத்திலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. அச்சுக் குத்துவதற்காகப் பட்டைத் தோலை, அதாவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை, நனைத்து வைக்கிறீர்கள் அல்லவா, அந்த ஈரத்தில் வாசனை இன்னும் எழும்பி வரும். போதாததற்கு அந்தத் துண்டை நீங்கள் மணிக்கணக்கில் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வியர்வையும் அதில் ஏறியிருக்கிறது. மனித மூக்குக்கே அந்த அறையில் தோல் வாசனை தெரியும் என்றால், மோப்பத்தாலேயே உலகை அறியும் ஓர் உயிருக்கு அது எப்படியிருக்கும்! அவள் மேசையில் தேடுவது இறைச்சியும் நீங்களும் கலந்த ஒரு பொருளை. தவறான பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் சொந்த நாய் ஒருமுறை என் கைக்கடிகாரத்தின் தோல் வாரை மட்டும் தின்றுவிட்டுக் கடிகாரத்தை ஒரு கீறலும் இல்லாமல் பாயில் வைத்திருந்தது.

வயதும் ஒரு காரணம். பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம் ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும். எனவே பதினோரு மாதத்தில் அவள் மெல்லுவது பல் முளைக்கும் ஊறலால் அல்ல. இது வளர்ந்தும் வளராத பருவம். உடலில் பெரிய நாயின் தாடை வலிமை வந்துவிட்டது. பொறுமையும் அடக்கமும் இன்னும் வரவில்லை. பல நாய்களுக்கு ஒன்றரை, இரண்டு வயதில் இது தானாகத் தணியும். அதுவரை அவளை நம்பி மேசையில் எதையும் விட்டுச்செல்லாதீர்கள்.

வேண்டுமென்றே சீண்டுகிறாளா என்று கேட்டிருந்தீர்கள். பழிவாங்கும் எண்ணம் அவளிடம் இல்லை. ஆனால் உங்களை எழுப்பி ஓடவைக்கும் வழி எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாலையின் நிகழ்ச்சிகளை அவள் கண்ணால் பாருங்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். பந்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டால் பார்ப்பதில்லை. ஒரு துண்டுத் தோலைக் கவ்வினால் அதே மனிதர் நாற்காலி சரியத் துள்ளி எழுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வீடு முழுக்கத் துரத்துகிறார், பெரியவனும் வந்து சேர்ந்துகொள்கிறான். வீட்டிலுள்ளோர் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் படம் எடுத்ததாகவும் அடுத்த மடலில் எழுதியிருந்தீர்கள். இதைவிட நல்ல விளையாட்டு ஒரு நாய்க்கு வேறென்ன இருக்கிறது? நீங்கள் கொடுத்ததைத் தண்டனை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவள் அதைப் பரிசாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

தலையைத் தொங்கப்போடும் அந்தப் பார்வையும் நாம் நினைப்பதுபோல் குற்ற உணர்ச்சி அல்ல. நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. உரிமையாளர் வெளியே சென்றிருந்தபோது நாய் தடுக்கப்பட்ட தின்பண்டத்தைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தொடர்பு இருக்கவில்லை. உரிமையாளர் திட்டும்போதுதான் அந்தப் பார்வை அதிகம் வந்தது; தின்னாத நாயைத் திட்டினாலும் வந்தது. சின்னவளின் முகத்தில் நீங்கள் காண்பது உங்கள் கோபத்தின் எதிரொலி. நேற்றைய பர்ஸுக்காக இன்று காட்டும் கோபத்தை அவளால் பர்ஸோடு சேர்த்துப் பார்க்க முடியாது. நீங்கள் சில வேளைகளில் காரணமின்றிக் கடுகடுக்கும் மனிதர் என்று மட்டுமே கற்றுக்கொள்வாள். அதைவிட மோசமான ஒன்றையும் கற்கக்கூடும். வாயில் இருப்பதை நாம் பலவந்தமாகப் பிடுங்கப் பிடுங்க, பிடுங்குவதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்பதைச் சில நாய்கள் கற்றுக்கொள்கின்றன. ஊசி நூல் உள்ள வீட்டில் அந்தப் பாடத்தை எந்த நாயும் கற்கக் கூடாது.

வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, அவற்றில் முதலாவது உங்கள் கைவினையின் அடிப்படையிலேயே இருக்கிறது. பச்சைத் தோல் அழுகும். அது அழுகாமல் இருக்கத்தான் பதனிடுகிறார்கள். மரப்பட்டையின் துவர்ப்புப் பொருளோ குரோமிய உப்போ தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால் நுண்ணுயிர்கள் அதை உண்ண முடியாமல் போகிறது. நுண்ணுயிரால் செரிக்க முடியாததை நாயின் வயிறு மட்டும் எளிதில் செரித்துவிடுமா? நன்றாகப் பதனிட்ட குரோம் தோலைக் கொதிக்கும் நீரில் போட்டால்கூடச் சுருங்காது என்பதை வைத்தே அதைச் சோதிப்பார்கள். அப்படிப்பட்ட பொருள் இரைப்பையில் கிடந்து ஊறி, மெத்தென்ற அடைப்பாக மாறிக் குடல் வாயில் போய் நிற்கும். நகத்தளவுச் சீவல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மலத்தோடு போய்விடும். பெல்ட் துண்டு போகாது. இரண்டாவது காரணம் எளியது. கழிவுத் துண்டு எது, நாளைக்குத் தைக்கவேண்டிய துண்டு எது என்ற வேறுபாடு உங்களுக்கு மட்டுமே தெரியும். ஒரு துண்டை உங்கள் கையாலேயே கொடுத்தீர்கள் என்றால், அந்த வாசனையுள்ள எல்லாமே தனக்குரியது என்று அவள் முடிவு செய்வாள். பழைய செருப்பை விளையாடக் கொடுத்த வீடுகளில் புதுச் செருப்பும் போவது இதனால்தான்.

கடையில் விற்கும் மெல்லும் எலும்பைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அது பதனிடாத தோல்: சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, கழுவி, முறுக்கிக் காயவைத்தது. பதனிடாததால் மெல்லச் செரிக்கும் என்பது உண்மையே. ஆனால் ஊறி வழவழப்பான பெரிய துண்டை நாய் அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைக்கும், அல்லது குடலில் நிற்கும். பொறுமையாக மெல்லும் நாய்க்கு, மேற்பார்வையில், சில மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். உங்கள் வீட்டுக்கு நான் அனுமதிக்க மாட்டேன். தோலை மெல்லலாம் என்ற எண்ணமே அந்த வீட்டில் எழக் கூடாது. மெல்லுவதற்கு உணவு அடைத்துக் கொடுக்கும் ரப்பர்ப் பொம்மைகளைத் தேர்ந்தெடுங்கள். வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் பதியாத அளவுக்குக் கடினமானவை மேல்தாடைக் கடைவாய்ப் பல்லை உடைத்துவிடும்.

மேசைமேல் உள்ள மற்றவற்றையும் ஒருமுறை நோட்டம் விட வேண்டும். பசைகளில் நான் மிகவும் அஞ்சுவது பாலியூரித்தேன் பசை. வயிற்றின் ஈரமும் வெப்பமும் பட்டதும் நுரைத்துப் பெருகி, இரைப்பையின் வடிவத்திலேயே கல்போல் இறுகிவிடும். சிறிதளவு நக்கினாலும் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். கரைப்பான் கலந்த ஒட்டுப்பசைகளின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தங்கும். மேசைக்கடியில் படுத்திருக்கும் நாய் உங்களைவிட அதிகமாக அதைச் சுவாசிக்கிறது. ஆகவே பசை பூசும் நேரத்தில் நாய்கள் அறையிலேயே இருக்க வேண்டாம், சன்னல்கள் திறந்திருக்கட்டும். இரும்பை வினிகரில் ஊறவைத்துக் கறுப்புச் சாயம் செய்பவராக இருந்தால் அந்தப் புட்டி பூட்டுக்குள் இருக்க வேண்டும், ஆக்ஸாலிக் அமிலமும் அப்படியே. முன்னது இரும்பு நஞ்சு, பின்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாராயம் கலந்த சாயங்களுக்கும் இது பொருந்தும். தேன்மெழுகை நக்கினால் பயமில்லை. எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துக் குடித்துவிட்டால் வயிற்றுப்போக்கோடு போகலாம், கணையம் அழற்சியுறவும் செய்யலாம். குடித்த அளவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

உலோகச் சாமான்களில் இரண்டைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. துத்தநாகம் கலந்த வார்ப்புக் கொக்கிகளும் துத்தநாக முலாம் பூசிய ரிவெட்டுகளும் இரைப்பை அமிலத்தில் கரையும். அந்தத் துத்தநாகம் இரத்தத்தில் ஏறினால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ஈறு வெளுத்தோ மஞ்சளித்தோ போகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். வெளியேறட்டும் என்று காத்திருக்கும் பொருள் அல்ல அது. மற்றொன்று, பைகளின் மூடியில் வைக்கும் காந்தப் பட்டன். ஒன்றை விழுங்கினால் பிழைக்கலாம். இரண்டு பாதிகளையும் சிறிது இடைவெளி விட்டு விழுங்கினால், குடலின் இரு வேறு மடிப்புகளில் நின்றபடி அவை ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட குடல் சுவரை நசுக்கித் துளையிட்டுவிடும். பட்டன் பெட்டிக்கு நல்ல மூடி போடுங்கள்.

கசப்புத் திரவம் பலிக்காததில் எனக்கு வியப்பில்லை. பசியும் ஆவலும் மிகுந்த இளம் நாய்கள் அந்தக் கசப்பைத் தாண்டிப் போய்விடுகின்றன. தெளித்த கசப்பு சில மணி நேரத்தில் தணிந்தும் விடுகிறது. சாயமேறாத பட்டைத் தோலில் தெளித்தால் கறை விழும் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். மேசைக் காலுக்கும் நாற்காலிக்கும் அது பயன்படும். தோலுக்கு வேண்டியது மூடியும் கதவும்தான்.

என் ஆலோசனையின் மையம் இதுதான்: பயிற்சிக்கு முன்னால் பூட்டு. ஒவ்வொரு முறை திருட்டு வெற்றி பெறும்போதும் பழக்கம் ஒரு படி ஏறுகிறது; ஆகவே முதல் இரண்டு மாதங்களுக்குத் திருட வாய்ப்பே இல்லாதபடி செய்துவிட வேண்டும். தனி அறை இருந்தால் மிக நல்லது. கூடத்தின் மூலையில்தான் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவைப் போன்ற ஒன்றால் அந்த மூலையை அடைத்துவிடுங்கள். நாய்களைக் கூண்டில் அடைப்பதைவிட உங்களையும் மேசையையும் வேலிக்குள் வைத்துக்கொள்வது எல்லார்க்கும் வசதி. பாதியில் எழுந்தால் வேலை முழுவதும், நூல் ஊசி உட்பட, மூடியுள்ள ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். அதற்காகவே தட்டையான, அகலமான பெட்டி ஒன்றை மேசையில் நிரந்தரமாக வையுங்கள். ஓரம் சீவிய சீவல்களையும் துளைப்பொட்டுகளையும் அன்றன்றே பெருக்கி, நாய் திறக்க முடியாத தொட்டியில் போடுங்கள்.

அதன் பிறகு, வேலை தொடங்கும் முன் அரை மணி நேரம் அவளுடையது. வெறும் ஓட்டம் உடலைக் களைப்பாக்கும். மோப்பம் மனத்தைக் களைப்பாக்கும். வீட்டின் மூலைகளில் அவளுடைய அன்றாட உணவில் ஒரு பங்கை ஒளித்து வைத்துத் தேடவிடுங்கள். பிறகு தடுப்புக்கு வெளியே, உங்களைப் பார்க்கும் தொலைவில், அவளுக்கென்று ஒரு படுக்கை. அதில் உணவு அடைத்த ரப்பர்ப் பொம்மை. நீங்கள் வேலைக்கு உட்காரும்போது மட்டுமே அந்தப் பொம்மை வெளிவர வேண்டும், எழுந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும். ஒவ்வொரு தையல் வரிசை முடியும்போதும் நிமிர்ந்து பாருங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் ஒரு சிறு தின்பண்டத்தை அவள் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அடங்கியிருக்கும் நாயை நாம் கவனிப்பதே இல்லை, அடங்காதபோதுதான் கவனிக்கிறோம். அந்த வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். தொடக்கத்தில் இருபது நிமிட வேலை போதும். உங்களுக்கு அது கடினமாக இருக்கும் என்று தெரியும். ஒரு பர்ஸ் முடிய ஒரு மாதம் ஆகலாம்.

இதனோடு ‘கொடு’ என்ற சொல்லைப் பழக்குங்கள், தோலை வைத்து அல்ல. அவள் அதிகம் மதிக்காத ஒரு பொம்மையிலிருந்து தொடங்க வேண்டும். பொம்மை வாயில் இருக்கும்போது மூக்குக்கு நேரே நல்ல தின்பண்டத்தை நீட்டுங்கள். வாய் திறந்து பொம்மை விழும் அந்தக் கணத்தில் ‘கொடு’ என்று சொல்லி, தின்பண்டத்தைக் கொடுத்து, பிறகு பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதுதான் இதன் உயிர். கொடுத்தால் இழப்பில்லை என்று அவள் நம்ப வேண்டும். சில வாரங்களில் சொல் கேட்டதும் வாய் திறக்கும். அப்போது இன்னும் விருப்பமான பொருள்களுக்குப் போகலாம். இரண்டு நாய்களையும் தனித்தனியே பழக்குங்கள். மற்றவன் பக்கத்தில் இருந்தால் வாயில் உள்ளதன் மதிப்பு இரு மடங்காகிவிடும். என்றாவது ஒரு நாள் தடுப்பை மீறி எதையாவது கவ்விவிட்டால், எழுந்து துரத்தாதீர்கள். எதிர்த் திசையில் நடந்து போய், சமையலறையில் தின்பண்டப் புட்டியைக் குலுக்குங்கள். அவளே வருவாள். திருட்டுக்குக் கூலி கொடுப்பதாகத் தோன்றும். ஊசியுள்ள பொருள் வாயிலிருந்து வெளியே வருவதற்கு அந்தக் கூலி மலிவு.

பெரியவன் கொட்டாப்புளியின் (மரச் சுத்தியலின்) சத்தம் கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறான் என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள். போகவிடுங்கள், அது அறிவான முடிவு. தோலை வைத்து அடிக்கும் கல்லுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் அவனுக்கும் அண்டை வீட்டாருக்கும் நிம்மதி.

ஆகவே பொழுதுபோக்கை விட வேண்டியதில்லை என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு சிரிப்பதை மட்டும் அவர்கள் நிறுத்திவிட்டால் என் வேலையில் பாதி முடிந்தது.

கழுத்துப்பட்டை ஆசை நியாயமானது, பெரியவனுக்கு இப்போதே செய்யலாம். தட்டையான, தடித்த பட்டைத் தோலாகத் தேர்ந்தெடுங்கள். சாயம் ஈரத்தில் கசியாததாக, வெளியில் நூல் முனை நீட்டாததாக, கொக்கியும் வளையமும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இருவரும் ஒன்றாக விளையாடும்போது கழற்றிவிடுங்கள். ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டையில் சிக்கி, இரண்டும் முறுக்கிக்கொண்டு மூச்சுத் திணறிய நாய்களைப் பார்த்திருக்கிறேன். சின்னவளுக்கு, பெரியவனின் கழுத்தில் தொங்கும் தோலைக் கண்டும் அவள் சும்மா இருக்கிறாளா என்று சில மாதம் பார்த்த பிறகு செய்யுங்கள். அதுவரை நைலான் போதும். அளவெடுக்கும்போது பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய இடம் விடுங்கள். அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் பருக்கும் வயது. வெளிப்பக்கமாக ஓரிரு துளை கூடுதலாகப் போட்டு வையுங்கள்.